பிரிண்டர் வாங்கினோம்... மை வாங்கி மாளலை!

எங்கள் ஊர் ஸ்ரீமுஷ்ணம். என் கணவர் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை பார்க்கிறார். நான் பத்தாவது வரை படித்துவிட்டு வீட்டோடு இருப்பவள். மகள் ஒன்பதாவது, மகன் ஐந்தாவது.

2021-ல் கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது, பாடமெல்லாம் போனில் வந்தது. பயிற்சித்தாள் எடுக்கக் கடைக்கு ஓட முடியவில்லை. சீட்டுப் பணம் வந்ததும் 4,000 ரூபாய்க்கு ஒரு கலர் பிரிண்டர் வாங்கினோம். "பரவாயில்லையே, சல்லிசா கிடைச்சிருக்கே!" என்று எனக்கு ஒரே பெருமை.

பெருமை ரெண்டு மாசம்தான். கூடவே வந்த மை தீர்ந்துவிட்டது. புது கறுப்பு கார்ட்ரிட்ஜ் 900 ரூபாய், கலர் அதற்கும் மேலே! "மெஷின் வாங்கினோமா, யானை வாங்கினோமா?" என்று இவர் சத்தம் போட்டார். அன்றிலிருந்து பிரிண்டர் மேல் துணி போட்டு மூடிவிட்டேன். அவசரத்துக்கு மட்டும்தான் திறப்பது. அப்படியும் மிச்சம் ஆகவில்லை. ரெண்டு மாசம் தொடாமல் வைத்திருந்ததில் மை காய்ந்து, பாதி கார்ட்ரிட்ஜ் வீணாகப் போனது.

போன வருஷம் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தால், கூடத்தில் மகள் என் போனைப் பார்த்துப் பார்த்து மாதிரி வினாத்தாள் முழுவதையும் கையால் எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஏம்மா, பிரிண்ட் எடுக்கச் சொல்லியிருக்கலாமே?" என்றேன். "வேணாம்மா... மை ரொம்ப விலை. அப்பா கஷ்டப்படுவாங்க" என்றாள்.

எனக்குச் சுரீர் என்றது. பல மாசமாக இப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள். நான்தான் கவனிக்கவில்லை.

மறுநாள் பால் கணக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். கார்ட்ரிட்ஜ் பெட்டியில் சுமார் 190 பக்கம் என்று போட்டிருந்தது. 900-ஐ 190-ஆல் வகுத்தால் பக்கத்துக்கு நாலே முக்கால் ரூபாய். 500 தாள் உள்ள ஒரு ரீம் 275 ரூபாய், ஆக தாளுக்கு 55 காசு. மொத்தம் 5 ரூபாய் 30 காசு! கடைத்தெருவில் போனிலிருந்து பிரிண்ட் எடுக்க 5 ரூபாய்தான். வீட்டில் எடுப்பது மலிவு என்று நினைத்தது தப்பு. அந்த 190 பக்கமும் மாதிரிப் பக்கங்களைத் தொடர்ந்து அடித்துப் பார்த்துச் சொல்லும் கணக்காம். விட்டு விட்டு எடுக்கும் நம் வீடுகளில் அவ்வளவு வராது.

எதிர் வீட்டு டியூஷன் டீச்சர் அக்காவிடம் இங்க் டேங்க் பிரிண்டர் இருக்கிறது. பாட்டிலில் மை வாங்கி ஊற்றுவது. அவர் வாங்கும் கறுப்பு மை பாட்டில் 65 மில்லி, விலை சுமார் 400 ரூபாய், 4,500 பக்கம் வரும் என்கிறார்கள். பக்கத்துக்கு 10 காசுகூட இல்லை! உடனே வாங்கிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் மெஷின் விலை 12,000. என் பிரிண்டரைவிட 8,000 ரூபாய் கூடுதல். அது திரும்பி வர 1,700 பக்கத்துக்கு மேல் எடுக்க வேண்டும். மாசம் 150 பக்கம் எடுக்கும் அக்காவுக்கு ஒரு வருஷத்தில் காசு வந்துவிடும். 30 பக்கம் எடுக்கும் எனக்கு அஞ்சு வருஷம் ஆகும். ஆகவே நான் வாங்கவில்லை. பக்கம் அதிகமான வேலையை மட்டும் தாள் கொடுத்து, மைக்கான காசும் கொடுத்து, அக்காவிடமே எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டு பிரிண்டரில் இப்போது கடைப்பிடிப்பவை:

* கம்ப்யூட்டரில் பிரிண்ட் கொடுக்கும்போது 'கறுப்பு மை மட்டும்', 'டிராஃப்ட்' என்று மாற்றிவிடுவேன். இல்லாவிட்டால் கறுப்புப் பக்கத்திலும் கலர் மை கலந்து செலவாகலாம்.

* வினாத்தாளை ஒரு பக்கத்துக்கு ரெண்டாகச் சுருக்கி, தாளின் இருபுறமும் எடுப்பேன். கண்ணுக்குச் சிரமம் இருந்தால் சுருக்க மாட்டேன்.

* வாரம் ஒரு பக்கமாவது எடுப்பேன். மை காயாது.

* சுவர் சுவிட்சை அணைப்பதில்லை. மெஷின் பட்டனை அழுத்தியே நிறுத்துவேன். அப்போதுதான் மை வரும் முனை மூடிக்குள் போய் உட்காரும். அடிக்கடி 'கிளீனிங்' கொடுத்தாலும் மைதான் வீண்.

* பத்துப் பிரதி வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் பிரிண்ட் எடுத்து, மீதியைக் கடையில் 2 ரூபாய்க்கு ஜெராக்ஸ் எடுப்பேன்.

* ரயில் டிக்கெட்டைப் போனிலேயே காட்டலாம். டிஜிலாக்கரில் வரும் சான்றிதழும் அசலுக்குச் சமம்தான். அதற்கெல்லாம் தாள் எதற்கு?

2014-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பக்கம், சுவீர் மிர்சந்தானி என்ற 14 வயது இந்திய வம்சாவளி மாணவன், மெல்லிய எழுத்துக்கு மாறினால் தன் வட்டாரப் பள்ளிகளுக்கு வருஷம் 21,000 டாலர் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினான். 'அந்த எழுத்து அளவிலேயே சின்னது, அதனால்தான் மிச்சம்' என்று சிலர் மறுத்தார்கள். இருந்தாலும் எழுத்தைத் தடிமனாக்காமல் விட்டாலே நமக்கும் கொஞ்சம் மை மிஞ்சும்.

கணக்கு நோட்டைக் காட்டியதும் இவரும் சமாதானமாகிவிட்டார். மகளைக் கூப்பிட்டு, "படிப்புக்கு வேணுங்கிறதைக் கேளும்மா, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்றார். இப்போது அவளே வந்து, "அம்மா, நாலு பக்கம் எடுக்கணும், கறுப்பு போதும்" என்கிறாள்.

சகோதரிகளே, பிரிண்டர் வாங்கும் முன் மெஷின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். மாசம் எத்தனை பக்கம், பக்கத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். மையைச் சிக்கனம் பண்ணுவோம். ஆனால், பிள்ளை வாய் திறந்து கேட்கப் பயப்படுகிற அளவுக்கு வேண்டாம்!

- ஓர் இல்லத்தரசி, ஸ்ரீமுஷ்ணம்.