படியை உடைக்குமுன்



லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில், சக்கர நாற்காலியில் இருக்கும் பாட்டியை உள்ளேயே அடைத்து வைப்பது பெரும்பாலும் வாசற்படிதான். பொதுக் கட்டடங்களுக்கு 2008ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. வீட்டுக்கு நாம்தான் வழி காணவேண்டும்.

சிமெண்டு பூசிச் சரிவாக்கினால் போதுமென்று எண்ணிவிடுகிறோம். பல நாடுகளின் கட்டட விதிப்படி, ஓரங்குல உயரத்துக்கு ஓரடி நீளச் சரிவு வேண்டும். படிகளின் உயரம் 18 அங்குலமானால் சரிவு 18 அடி! அஞ்சடியைத் தாண்டிச் சாக்கடையில் போய் இறங்கும். தாளில் வரைந்தால் இது நமக்கே எளிதில் விளங்குவதில்லை.

இன்றைய கைப்பேசிச் செயலிகள் சில, காமிராவில் தெரியும் வாசலின்மேலேயே கட்டப்போகும் சரிவை உண்மை அளவில் வைத்துக் காட்டுகின்றன. பக்கவாட்டில் வளைக்கலாமா என்று பாட்டியிடமே காட்டிக் கேட்கலாம். வளைவில் நாற்காலி திரும்ப ஐந்தடிச் சதுரம் தேவை. கைப்பேசியின் அளவு சற்றுப் பிசகக்கூடும். கொத்தனாரை அழைக்குமுன் அளவு நாடாவாலும் ஒருமுறை அளந்துவிடுவோம்.