வெண்கலமும் களிம்பும்

செம்பிலே களிம்பு உண்டாதலை யாவரும் அறிவர். ஆன்மாவைப் பற்றிய ஆணவத்திற்கு அதனையே சைவ சித்தாந்திகள் உவமை கூறுவர். நம் இல்லங்களிலும் களிம்பைக் கண்டவுடன் புளியைத் தேடுவதே வழக்கம். ஆயினும் களிம்பு முழுவதும் தீயதன்று. உலோகத்தைக் காக்கும் களிம்பும் உண்டு.

நம் கோவிற்பட்டிக்குத் தெற்கே, தாமிரபரணியின் தென்கரையில் உள்ளது ஆதிச்சநல்லூர். அங்குள்ள மேட்டினை 1876-ம் ஆண்டில் ஜெர்மானியராகிய ஜாகோரும், 1899-ம் ஆண்டு முதல் அலெக்சாந்தர் ரீ என்பவரும் அகழ்ந்தனர். முதுமக்கள் தாழிகளோடு, எருமை, பறவை முதலிய உருவங்கள் அமைந்த வெண்கலப் பொருள்களும் வெளிப்பட்டன. ரீ கண்டெடுத்தவற்றைச் சென்னை எழும்பூர் அரசாங்கக் காட்சிசாலையிற் காணலாம்.

வெண்கலமாவது செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். மண்ணுள் ஈரமும் பிராணவாயுவும் கரியமிலவாயுவும் அதனைத் தீண்டுங்கால், முதலிற் செந்நிறத் தாமிர ஆக்ஸைடும், அதன்மேற் பசுநிறத் தாமிரக் கார்பனேட்டும் படிகின்றன. வழவழப்பாய் இறுகிய இப்படலம் மேலும் அரிப்பு நேராதபடி தடுக்கும். சீன தேசத்தார் தம் பழங்கலங்களின் இப்பசுமையையே அழகெனப் போற்றினர்.

மண்ணில் உப்பு மிகுந்திருப்பின் நிலைமை வேறு. அதிலுள்ள குளோரின் செம்போடு கூடித் தாமிரக் குளோரைடாய்ப் படலத்தின் அடியில் மறைந்திருக்கும். கலம் வெளிவந்து ஈரக்காற்றுப் பட்டதும், அது வெளிறிய பச்சைத் தூளாக மாறுகிறது. உடன் தோன்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் புதிய செம்பைத் தின்று மீண்டும் குளோரைடை உண்டாக்குகிறது. இச்சுழற்சியே வெண்கல நோய் எனப்படும். நெடுங்காலம் மண்ணில் நிலைத்த கலம், அலமாரியில் வைத்த சில ஆண்டுகளிற் பொடியாதலும் கூடும்.

சென்னைக் காட்சிசாலையின் ரசாயன அறிஞர் எஸ். பரமசிவன் 1930-களில் இந்நோய்க்கு மின்சார முறையைக் கையாண்டார். காரநீரில் கலத்தை எதிர்மின்வாயாக அமைத்து மின்சாரம் செலுத்தினால், குளோரின் கலத்தை விட்டு நீரிற் சேரும். இதனால் நற்களிம்பும் கழன்றுவிடுமாதலின், இக்காலத்தார் நோயுற்ற இடத்தை மட்டும் துப்புரவு செய்து, பென்ஸோடிரையஸோல் என்னும் மருந்தூட்டி, ஈரமற்ற பெட்டியில் வைத்தலையே பெரிதும் விரும்புவர்.

நேயர்களே! நம் கரிசல் மண் ஈரத்தை நெடுநாள் பற்றிவைக்கும் இயல்புடையது. உழும்போதோ கிணறு வெட்டும்போதோ பழங்கலம் ஒன்று கிடைப்பின், அதனைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்காதீர்கள். புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும். சாம்பல் நுண்ணிய கோடுகளைத் தேய்க்கும். கலத்தின் சரித்திரமும் அவற்றோடு அழியும். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, கலத்தை உலர்ந்த இடத்தில் வைத்து, கலெக்டருக்கு அறிவியுங்கள். துலக்கிய பாத்திரம் ஒரு நாள் பளபளக்கும். துலக்காத பழங்கலமோ நம் முன்னோரைப் பற்றி நெடுங்காலம் பேசும்.