கோடைக்குத் தாங்கும் கொழுக்கட்டைப் புல்

கறவை மாட்டுக் கடன் பெற்ற அங்கத்தினர்களின் கணக்குகளைப் பார்க்குங்கால் ஓர் உண்மை புலனாகிறது. தை மாதத்தில் ஒழுங்காகத் தவணை செலுத்தியவர் சித்திரையில் தவறுகிறார். சோம்பல் காரணமன்று, பால் வருவாய் வைக்கோல் விலைக்கே போய்விடுகிறது. குடும்பம் முழுவதும் தறியில் உழைக்கும் நெசவாளர் வீட்டில் மாட்டை ஓட்டிச் சென்று மேய்க்கவும் ஆள் இல்லை.

இத்தகையோர் வீட்டுக் கொல்லையில் கொழுக்கட்டைப் புல் வளர்க்கலாம். இது நம் நாட்டுப் புல்லே. காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் கிளுவை வேலிக்குள் வெள்வேல மரங்களோடு இப்புல்லை வளர்க்கும் நிலத்தைக் கொறங்காடு என்பர். புகழ்பெற்ற காங்கேயம் மாடுகள் அங்கு மேய்ந்து வளர்ந்தவையே. ஆழ வேரோடுவதால் வறட்சியில் இலை காய்ந்தாலும் தூர் சாவதில்லை; ஒரு மழையில் மீண்டும் துளிர்க்கும்.

மதுரைச் சமவெளியில் வடகிழக்குப் பருவமழையே பெருமழை. ஆதலால் புரட்டாசியில் விதைத்தல் நன்று. மேலூர்ப் பக்கத்துச் செம்மண் போன்ற வடிகாலுள்ள நிலம் ஏற்றது. நீர் தேங்கும் கரிசல் பள்ளம் ஆகாது. ஐந்து சென்ட் நிலத்திற்கு 150 கிராம் விதை போதும். சுணையுள்ள இலேசான விதையாதலால் ஈர மணலுடன் கலந்து, 50 சென்டிமீட்டர் இடைவெளி வரிசைகளில் மேலாக விதைக்க வேண்டும். முதல் அறுப்பு 70 அல்லது 75ஆம் நாள். அதுவரை களை எடுப்பதும் ஆடு புகாமல் காப்பதும் இன்றியமையாதன. இடையில் முயல் மசால் விதைப்பின் தீவனத்தில் புரதம் கூடும்.

இதில் நானே ஒரு பிழை செய்தேன். அப்போதுதான் உதிர்ந்த புது விதையை ஓர் ஊர் அங்கத்தினர்களுக்கு வாங்கித் தந்தேன், பெரும்பகுதி முளைக்கவில்லை. இவ்விதைக்கு உறக்கக் காலம் உண்டு என்பதை அதன் பின்னரே அறிந்தேன். முந்தைய ஆண்டு சேகரித்து உலர வைத்த விதையையே கேட்டு வாங்குங்கள்.

ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் தீவனத்திற்கென இறக்குமதியான இப்புல், அங்குள்ள இயற்கைத் தாவரங்களை அடர்த்துக் காட்டுத் தீக்கும் காரணமாயிற்று. நம்மிடையே இது அயற்புல் அன்று; எனினும் முற்றிக் காய விடாது, பூக்கும் தறுவாயில் அறுப்பதே சத்துக்கும் பாதுகாப்புக்கும் நல்லது.

மிகைப்படுத்திச் சொல்வது முறையன்று. நன்கு பராமரித்தால் ஹெக்டேருக்கு ஆண்டில் 40 டன் பசும்புல் கிடைக்கும் என்பது வேளாண் துறையினரின் கணக்கு. அதன்படி ஐந்து சென்ட் தருவது சுமார் 800 கிலோ. ஒரு பசுவுக்கு இது ஒரு மாதத் தீவனமே. இரண்டு ஆடுகளுக்கு மூன்று மாதம் வரும். மானாவாரியில் இன்னும் குறையும். ஆயினும் தையில் அறுத்து, உலர்த்திப் போர் போட்டுவைத்தால், அது சித்திரையில் கைகொடுக்கும். மாட்டை விற்கலாமா என்று குடும்பம் யோசிப்பது அந்த மாதத்தில்தான் அன்றோ!