குளிர்காலமும் நம் தோலும்

தீபாவளி எண்ணெய்க் குளியல் முடிந்த சில நாட்களிலேயே தில்லியில் காற்று மாறிவிடுகிறது. உதடு வெடிக்கும்; கையில் நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழும். நாங்கள் இங்கு குடிவந்த முதல் குளிர்காலத்தில், எட்டு வயதான என் மகளின் கால்களில் சாம்பல் பூத்தாற்போல் செதில் செதிலாகக் கிளம்பியது. அழுக்குதான் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். நல்ல வெந்நீர், கடலை மாவு, பீர்க்கங்கூடு என்று தினமும் தேய்த்தேன். செதில் கூடக் கூட நானும் அழுத்தித் தேய்த்தேன். ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்தவளின் காலுறையைக் கழற்றியபோது அதில் ரத்தம் ஒட்டியிருந்தது.

"இது அழுக்கு இல்லை, வறட்சி. முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள்" என்றார் மருத்துவர்.

நம் தோலின் மேற்பரப்பு, இறந்த செல்களால் ஆன மெல்லிய சுவர். செங்கற்களுக்கு இடையே சாந்து இருப்பதுபோல, செல்களுக்கு இடையே கொழுப்புப் பொருள் இருக்கிறது. உடலின் ஈரம் வெளியேறாமல் காப்பது இந்தச் சுவர்தான். அடியிலிருந்து புதிய செல்கள் வர வர, பழையவை கண்ணுக்குத் தெரியாமல் உதிர்ந்துகொண்டே இருக்கும். அப்படி உதிர்வதற்குத் தோலில் ஈரம் வேண்டும். ஈரம் குறைந்தால் செல்கள் தனித்தனியே உதிராமல் கொத்தாக ஒட்டிக்கொண்டு செதிலாகத் தெரிகின்றன. அதை அழுத்தித் தேய்த்தால் சுவரும் சேர்ந்து பெயர்கிறது. ஈரம் இன்னும் வேகமாக வெளியேறி, மறுநாள் செதில் அதிகமாகிறது. வெந்நீரும் சோப்பும் அந்தச் சாந்தைக் கரைக்கின்றன. அறையில் ஹீட்டர் போட்டால் காற்று மேலும் உலர்கிறது.

அப்படியானால் ஊரில் அம்மா தேய்த்துவிட்டது தவறா? இல்லை. சென்னையில் மார்கழியிலும் காற்றில் ஈரம் உண்டு. மேலும், அம்மா முதலில் நல்லெண்ணெய் தேய்த்து ஊறவைத்தாள். மிகுந்த எண்ணெயை எடுக்கத்தான் மாவு. நான் மாவை மட்டும் கொண்டுவந்தேன், எண்ணெயை விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கடைப்பிடிக்கும் முறை இது:

குளிர்காலத்தில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளியல். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகியவற்றுக்கு மட்டும். பீர்க்கங்கூட்டுக்கு விடுமுறை. துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காயும் முன்பே தேங்காய் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவுவோம். ஈரத்தின் மேல் தடவினால்தான் அது உள்ளே தங்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குளிக்கும் முன் பாட்டிலை வெந்நீரில் வைத்தால் போதும். பக்கத்து வீடுகளில் கடுகெண்ணெய் தேய்ப்பார்கள். அது சிலருக்கு எரியும். வெடித்த தோலில் வேண்டாம்.

பித்தவெடிப்புக்கு, பாதங்களை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, காலைத் தேய்க்கும் கல்லால் தடித்த தோலை மட்டும் லேசாக எடுக்கலாம். பிறகு ஜெல்லி தடவிப் பருத்திக் காலுறை போட்டுப் படுக்க வேண்டும். ரத்தம் கசியும் வெடிப்பில் கல்லே படக்கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் தாங்களாகக் கல்லை எடுக்காமல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

ஹோலிக்குப் பிறகு வெயில் ஏறும். ஆனால் மே, ஜூனில் வீசும் அனல்காற்றும் உலர்ந்த காற்றே. வெயிலில் கன்றிய தோலையும் தேய்க்கக்கூடாது. ஜூலையில் மழை தொடங்கி வியர்வை பிசுபிசுக்கும்போது, வாரம் ஒருமுறை பயத்தம் மாவைக் குழைத்து மென்மையாகத் தேய்த்துக் குளிக்கலாம். அதுவே நம் ஊர்க் காற்றுக்கு நெருக்கமான பருவம்.

எண்ணெய் தடவியும் இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டாலோ, சிவந்து அரித்தாலோ, நீர் வடிந்தாலோ, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

என் மகளின் கால்கள் பத்து நாளில் ஆறிவிட்டன. ஆனால் "வலிக்குதும்மா" என்று அவள் சொன்னபோதெல்லாம், "கொஞ்சம் பொறுத்துக்கோ, அழுக்கு போகணும்" என்று நான் சொன்னது இன்னும் மறக்கவில்லை. புதிதாக வந்திருக்கும் குடும்பங்கள் இந்தக் குளிர்காலத்தில் குழந்தையின் காலில் சாம்பல் பூத்ததைக் கண்டால், மாவு டப்பாவை விட்டுவிட்டு எண்ணெய் பாட்டிலை எடுங்கள்.