வலி போனது, கல் போனதா? சிறுநீரகத்தை உளவு பார்க்கும் அணு!

உளுந்தூர்பேட்டை. சென்னை - திருச்சி பெரிய சாலையில், சேலத்துக்கு வழி பிரிகிற ஊர். சுற்றிலும் நெல், கரும்பு, உளுந்து. பங்குனி வெயிலில் கரும்பு வெட்டுகிறவருக்கு வியர்வை ஆறாக ஓடும். தண்ணீர்க் குடமோ வரப்பின் கடைசியில் இருக்கும்!

தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகிறது. அதில் உள்ள உப்புகள் படிகின்றன. படிந்தது கல்லாகிறது. அந்தக் கல் நகர்ந்து, சிறுநீர் இறங்கும் குழாயில் மாட்டிக்கொண்டால் வருகிற வலி இருக்கிறதே! விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கும். எப்பேர்ப்பட்ட ஆளையும் பாயில் புரள வைத்துவிடும்.

வாழைத்தண்டுச் சாறு குடிக்கிறார்கள். வலிக்கு ஊசி போட்டுக்கொள்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் வலி நின்றுவிடுகிறது. "கல் கரைந்துவிட்டது" என்று வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

பலருக்கு அது உண்மையாகவே இருக்கும். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். ஆனால் சிலருக்குக் கல் அங்கேயே இருக்கும். வலி மட்டும்தான் போயிருக்கும்!

ஓசை இல்லாத ஆபத்து

அது எப்படி?

குழாய் அடைபட்டதும் சிறுநீர் மேலே தேங்குகிறது. சிறுநீரகம் வீங்குகிறது. வீக்கத்தின் அழுத்தம்தான் வலி. நாளாக ஆக அந்தச் சிறுநீரகம் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. சிறுநீர் ஊறுவது குறைந்தால் அழுத்தமும் குறையும். வலியும் குறையும். நோயாளி பிழைத்தோம் என்று நினைக்கிறார். சிறுநீரகமோ செத்துக்கொண்டிருக்கிறது!

முழு அடைப்பை ஒரு வாரத்துக்குள் நீக்கினால் சிறுநீரகம் அநேகமாகப் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆறு வாரம் தாண்டினால் மீள்வது அரிது. விலங்குகளிடம் சோதித்து மருத்துவர்கள் கண்ட கணக்கு இது. அரைகுறை அடைப்பு என்றால் இன்னும் கொஞ்சம் அவகாசம் உண்டு.

இரத்தத்தைச் சோதித்தால் தெரியாதா? தெரியாமலே போகலாம். வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று நொண்டினாலும், மற்றது இழுத்துக்கொண்டு போகிறது அல்லவா? அதைப்போல நல்ல சிறுநீரகம் மற்றதன் பாரத்தையும் சுமக்கிறது. இரத்தப் பரிசோதனை வண்டி ஓடுகிறது என்று மட்டும் சொல்லும். எந்த மாடு இழுக்கிறது என்று சொல்லாது.

வயிற்று ஸ்கேன் எடுத்தால் வீக்கம் தெரியும். ஆனால் அது சிறுநீரகத்தின் உருவத்தைக் காட்டுமே தவிர, அது செய்யும் வேலையை அளந்து சொல்லாது. ஒரு காலத்தில் அடைத்து, இப்போது திறந்துவிட்ட சிறுநீரகமும் பழைய பை போலத் தொளதொளவென்று பெரிதாகவே தெரியலாம்.

இங்கேதான் அணு வருகிறது.

பால் கறக்கும் பசு

அணு என்றதும் ஹிரோஷிமா நினைவுக்கு வரும். பயப்படவேண்டாம். இது டெக்னீசியம் என்ற பொருள். 1937-ல் இத்தாலியில் பெரியர், செக்ரே என்ற இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள். மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம் இதுதான்.

மருத்துவத்துக்கு உதவும் டெக்னீசியத்தின் வீரியம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். மறுநாள் பார்த்தால் பெரும்பகுதி போயிருக்கும். உடம்புக்கு அது நல்லது. ஆனால் ஆஸ்பத்திரிக்குச் சங்கடம்! எங்கிருந்தோ வரவழைத்தால் வழியிலேயே தீர்ந்துவிடுமே?

அதற்கு 1950-களின் கடைசியில், அமெரிக்காவில் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழி கண்டார்கள். மாலிப்டினம் என்ற தாய்ப்பொருளை ஈயக் கூட்டுக்குள் அடைத்து அனுப்புவது. அதன் வீரியம் பாதியாக 66 மணி நேரம் ஆகும். அதிலிருந்து டெக்னீசியம் ஊறிக்கொண்டே இருக்கும். காலையில் உப்பு நீரை உள்ளே செலுத்தினால், ஊறியது கரைந்து வெளியே வரும். மறுநாள் மறுபடியும் எடுக்கலாம். இதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் என்ன தெரியுமா? "பசு"! எடுப்பதற்குப் பெயர் "பால் கறப்பது"! நாளுக்கு நாள் பால் குறையும். ஒரு வாரம் போனால் வேறு பசு வரவேண்டும்.

மலை ஏறும் கோடு

சோதனைக்கு முன் நோயாளி நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும். பிறகு மேஜையில் படுக்கவேண்டும். காமிரா முதுகுப் பக்கம் இருக்கும். கையில் ஒரு ஊசி. அவ்வளவுதான். மயக்க மருந்து இல்லை. கத்தி இல்லை.

ஊசியில் போன டெக்னீசியம், தன்னோடு சேர்த்த மருந்தின் துணையால் சிறுநீரகத்துக்குப் போகிறது. போகிற வழியெல்லாம் கதிர் விடுகிறது. காமிரா அதைப் பிடித்து, கோடாக வரைகிறது. சுமார் அரை மணி நேரம் நடக்கும். இதை ரீனோகிராம் என்பார்கள்.

நல்ல சிறுநீரகத்தின் கோடு கல்வராயன் மலைக்குப் போய்வருவது போல இருக்கும். சில நிமிடங்களில் உச்சிக்கு ஏறும்; பிறகு சரசரவென்று இறங்கும். அடைபட்ட சிறுநீரகத்தின் கோடு ஏறும், இறங்காது. உச்சியிலேயே உட்கார்ந்துவிடும்!

சந்தேகம் வந்தால் சிறுநீரைத் தள்ளும் மருந்தையும் ஊசியில் கொடுப்பார்கள். வெறும் தொளதொளப்பு என்றால் உடனே வடிந்துவிடும். உண்மையான அடைப்பு என்றால் அப்போதும் வடியாது.

இன்னொன்றும் தெரியும். மொத்த வேலையில் வலது எத்தனை பங்கு, இடது எத்தனை பங்கு என்பது. சரிபாதிக்குப் பக்கமாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் 20 என்று வந்தால் ஆபத்து.

அடைப்பை நீக்கிய பிறகு, சில வாரமோ சில மாதமோ கழித்து மறுபடியும் படம் எடுக்கிறார்கள். 20 இருந்தது 35 ஆனால் சிறுநீரகம் தேறுகிறது. தேங்கியதை வடித்துவிட்ட பிறகும் 10-க்குக் கீழேயே கிடந்தால், அதைக் காப்பாற்றுவதா, எடுத்துவிடுவதா என்று மருத்துவர் யோசிப்பார்.

கல் மட்டும்தான் காரணம் என்று எண்ணவேண்டாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குழாய் குறுகி இருக்கும். தாய் வயிற்றில் இருக்கும்போதே ஸ்கேனில் வீக்கம் தெரிந்துவிடும். அதில் பலருக்கு அறுவை தேவையே இல்லை. யாருக்குத் தேவை? இந்தப் படங்களை ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். பச்சைக் குழந்தையின் வயிற்றில் கத்தி வைப்பதா வேண்டாமா என்பது சின்ன விஷயமா!

உளுந்தூர்பேட்டைக்காரர்கள் விழுப்புரம் வழியாகப் புதுச்சேரி ஜிப்மருக்குப் போகலாம். அங்கே அணு மருத்துவத் துறை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. உள்ளூர் மருத்துவரிடம் கடிதம் வாங்கிப் போவது நல்லது.

உடம்பில் ஏறும் கதிர் பொதுவாக, ஓர் ஆண்டில் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நம் மேல் இயற்கையாக விழுவதைவிடக் குறைவு. ஆனாலும் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். சோதனை முடிந்ததும் தண்ணீர் நிறையக் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்கவேண்டும். முதல் படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். இரண்டாவது தடவை போகும்போது மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.