பவுலரின் முழங்கை 15 டிகிரியைத் தாண்டுதா? கையில் கட்டும் குட்டி சென்சார் எப்படி கண்டுபிடிக்கும்?

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் பழகி வளர்ந்தவர் டி.நடராஜன். 2015 ஜனவரியில் தமிழ்நாடு அணிக்காக ரஞ்சி கோப்பையில் அறிமுகமானார். வந்த வேகத்திலேயே அவரது பந்துவீச்சு முறை மீது புகார் எழுந்தது. அதைத் திருத்திக்கொண்டு மீண்டு வந்தவர், 2020 டிசம்பரில் இந்தியாவுக்காக ஆடினார். எல்லா பவுலர்களுக்கும் இப்படி இரண்டாவது வாய்ப்பு கிடைச்சிடாது. சரி, இந்தத் தவறை எப்படி அளக்கிறாங்க?

விதி என்ன சொல்கிறது?

கை மடங்கியிருப்பது தவறில்லை. மடங்கிய கையை வீசும்போது நீட்டுவதுதான் பிரச்சினை. கை தோள் உயரத்துக்கு வந்தது முதல் பந்தை விடும் வரை, முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீளக் கூடாது. 2005 முதல் எல்லா பவுலர்களுக்கும் இதே அளவுதான். இலங்கையின் முரளிதரனுக்குப் பிறவியிலேயே முழங்கை முழுசா நீளாது. அதனால்தான் வெறும் கண்ணுக்கு அவர் 'த்ரோ' செய்வது போலத் தெரிந்தது.

சென்சார் என்ன செய்யும்?

மேல் கையில் ஒன்று, முன் கையில் ஒன்று என இரண்டு சென்சார் கட்டுவாங்க. உள்ளே இருக்கும் ஜைரோஸ்கோப், கை நொடிக்கு எத்தனை டிகிரி சுழலுது என்று அளக்கும். ஆக்சிலரோமீட்டர், வேகம் மாறுவதைப் பதிவு செய்யும். இரண்டு சென்சார்களின் கணக்கையும் ஒப்பிட்டால் முழங்கைக் கோணம் கிடைச்சிடும். உங்க போனைத் திருப்பினால் திரையும் திரும்புதே, அதற்குப் பின்னால் இருப்பதும் இதே வகை சென்சார்தான். பனிச்சறுக்கு வீரர்கள் அந்தரத்தில் எத்தனை சுற்று சுற்றினாங்க, எவ்வளவு நேரம் மிதந்தாங்க என்று கணக்கிடவும் ஆஸ்திரேலியாவில் இதே முறையைப் பயன்படுத்தியிருக்காங்க.

இதை வைத்தே தீர்ப்பு சொல்லலாமா?

முடியாது. பட்டை கொஞ்சம் நகர்ந்தாலும், தோல் அசைந்தாலும் கணக்கு மாறும். 15 டிகிரி எல்லையில் சின்னப் பிழையும் பெரிய விஷயம். அதனால், உடலில் மார்க்கர் ஒட்டி பல கேமராக்களால் படம்பிடிக்கும் ஆய்வகச் சோதனைக்கே அதிகாரப்பூர்வ மதிப்பு. சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்துக்கு இதற்காக ஐசிசி அங்கீகாரம் கிடைத்தது.

அப்போ சென்சாரால் என்ன லாபம்?

ஆய்வகத்தை மைதானத்துக்குத் தூக்கிட்டு வர முடியாது. சென்சாரைப் பையில் போட்டுக் கொண்டு வரலாம். பொள்ளாச்சியில் வலைப்பயிற்சி எடுக்கும் 15 வயசுப் பையனின் கை அளவுக்கு மேல் நீளுதுன்னா, பயிற்சியாளர் அப்போதே கவனித்துத் திருத்தலாம். ரஞ்சி வரை போய், அங்கே புகாரில் சிக்கித் திரும்ப வேண்டிய நிலை வராது.