வெள்ளைக்கும் வெள்ளைக்கும் பிறந்த சாம்பல் குஞ்சுகள்

வெள்ளை ஆண், வெள்ளைப் பெண். கூண்டில் வேறு பறவை கிடையாது. மண்கலயத்தில் ஐந்து முட்டை, அடை உட்கார்ந்து 13 நாளில் நான்கு குஞ்சு. இறகு முளைத்ததும் பார்த்தால் நாலும் சாம்பல். வாங்கியவர் ஜோடியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்ச் சண்டை பிடித்திருக்கிறார். பெண் ஏற்கெனவே வேறு ஆணோடு இருந்தது, அதை மறைத்து விற்றுவிட்டீர்கள் என்பது வழக்கு. கடைக்காரருக்கும் விவரம் தெரியவில்லை. பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு அனுப்பிவைத்தார்.

“அந்த முட்டாள் நான்தான் சார். பாவம், அந்தப் பொட்டைக் குருவி மேல அபாண்டமா பழி போட்டேன்” என்று சிரித்தார் அந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். சென்னைப் புறநகரில் மாடி முழுக்கக் கூண்டு. ஜீப்ரா ஃபிஞ்ச், பெங்காலிஸ், கோல்டியன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒருமுறை பூட்டை உடைத்துக் கூண்டோடு அள்ளிப் போயிருக்கிறார்கள்.

‘மாடியில் வண்ணக் குருவி, மாதாமாதம் வருமானம்’ என்று எழுதி வரத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். வருமானக் கணக்கை அவர் இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார். தினை, கடல்நுரை, செத்துப்போகும் குஞ்சுகள் எல்லாம் போக, கையில் நிற்பது பெட்ரோல் செலவுக்குத் தேறினால் பெரிது. மீதி இரண்டரை மணி நேரமும் அந்த நாலு சாம்பல் குஞ்சைப் பற்றியே பேசினோம்.

அவர் வாங்கிய ஆண், உண்மையிலேயே வெள்ளை. கறுப்புக் கண், செக்கச் சிவந்த அலகு, உடம்பில் வேறு நிறமே இல்லை. பெண் அப்படியில்லை. அது செஸ்ட்நட் ஃப்ளாங்க்டு ஒயிட், வளர்ப்பவர்கள் சி.எஃப்.டபிள்யூ. என்று சுருக்கிச் சொல்வது. டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். காலை வெயிலில் பிடித்துப் பார்த்தால் சி.எஃப்.டபிள்யூ. பெண்ணின் கண்ணுக்குக் கீழே மெல்லிய கண்ணீர்க் கோடு தெரியும், வாலில் வெளிறிய பட்டை தெரியும். அதே ரகத்து ஆணுக்குக் கன்னத்திலும் விலாவிலும் வெளுத்த செம்மண் நிறம் இருக்கும். அந்தக் கண்ணீர்க் கோட்டைத்தான் அவர் அன்று கவனிக்கவில்லை.

இரண்டும் வெளுத்தது வெவ்வேறு காரணத்தால். இரண்டு வீட்டில் மின்சாரம் போயிருக்கிறது. ஒன்றில் ஃபியூஸ், இன்னொன்றில் மெயின் லைன். ஆணிடம் கெட்டுப்போயிருந்த மரபணு பெண்ணிடம் நன்றாக இருந்தது. பெண்ணிடம் கெட்டது ஆணிடம் நன்றாக இருந்தது. குஞ்சுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் நல்லது கிடைத்துவிட, ஆஸ்திரேலியப் புல்வெளியில் பறக்கும் மூதாதையின் சாம்பல் நிறமே திரும்பிவிட்டது. ஜோடியை மாற்றி, சி.எஃப்.டபிள்யூ. ஆணையும் வெள்ளைப் பெண்ணையும் சேர்த்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். பெண் குஞ்சுகள் எல்லாம் சி.எஃப்.டபிள்யூ.; ஆண் குஞ்சுகள் மட்டும் சாம்பல்.

ஏன் இந்த ஓரவஞ்சனை? மனிதரில் ஆணுக்குத்தான் எக்ஸ், ஒய் என்று இரண்டு வகை குரோமோசோம். பறவையில் அது தலைகீழ். ஆணுக்கு இரண்டு இசட். பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. சி.எஃப்.டபிள்யூ., பழுப்பு நிற ஃபான் போன்றவற்றின் சமாசாரம் இசட்டில் இருக்கிறது. பெண்ணுக்கு இருப்பதே ஒரு இசட் என்பதால், அதில் மாற்றம் இருந்தால் வெளியே தெரிந்தே தீரும். மறைத்து வைக்க அதனிடம் இடமில்லை. ஆண் மட்டும் ஒரு இசட்டில் சாம்பலும் இன்னொன்றில் ஃபானும் வைத்துக்கொண்டு, வெளியே சாம்பலாக உலவும். அதைத்தான் ‘ஸ்பிளிட்’ என்கிறார்கள். யாராவது ‘ஃபானுக்கு ஸ்பிளிட்டான பெண்’ என்று விலை சொன்னால், அவருக்கு விஷயம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

இதில் ஒரு லாபமும் உண்டு. ஃபான் ஆணையும் சாம்பல் பெண்ணையும் சேர்த்தால், பிறக்கும் பெண் எல்லாம் ஃபான், ஆண் எல்லாம் சாம்பல். முட்டையிலிருந்து வந்த சில நாளில் கலயத்துக்குள் எட்டிப் பார்த்தாலே போதும். தோல் ரோஜா நிறமாக இருந்தால் பெண், கருமை படர்ந்திருந்தால் ஆண். இறகே முளைக்காத, கடலை அளவு உயிரைக் கையில் வைத்துக்கொண்டு “இது பொண்ணு” என்று அவர் சொன்னபோது எனக்கு ஜோசியம் பார்ப்பதுபோல இருந்தது.

வெள்ளை, திட்டுத் திட்டாக வெளுத்த பைட், பென்குயின், பிளாக் சீக் போன்றவை வேறு கட்சி. இவற்றுக்கு ஆண் பெண் பேதமில்லை. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் முழுசாக வெளியே தெரியும். பென்குயின் பெண்ணுக்குக் கன்னம் வெள்ளையாக இருக்கும். பிளாக் சீக்கில் பெண்ணுக்குக்கூடக் கன்னத்தில் கறுப்புத் திட்டு விழும். சாம்பல் ரகப் பெண்ணுக்குக் கன்னத்தில் திட்டே கிடையாது என்பதால் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். கொண்டை வைத்த ரகம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும். அழகாக இருக்கிறதே என்று கொண்டையோடு கொண்டையைச் சேர்த்தால், நாலு முட்டைக்கு ஒன்று என்ற கணக்கில் கரு இரட்டைக் கொண்டை மரபணுவோடு உருவாகிச் செத்துப்போகும். இது தெரியாமல் தினையை மாற்றி, கலயத்தை மாற்றி, திருஷ்டி சுற்றிப் போட்டவர்களும் உண்டு.

அவருடைய கூண்டுகளைவிட என்னை இழுத்தது அவருடைய நோட்டுதான். பழைய பேங்க் லெட்ஜர். ஒவ்வொரு பறவைக்கும் ஒரு வரி: கால் வளைய எண், பிறந்த தேதி, தாய், தகப்பன், தெரிந்த நிறம், சந்தேகப்படும் நிறம். சந்தேகத்துக்குப் பென்சில், நிச்சயத்துக்குப் பேனா. ஒரு சாம்பல் பறவை வெள்ளைக்கு ஸ்பிளிட்டா என்று பார்க்க அதை வெள்ளைப் பறவையோடு சேர்க்கிறார். ஒரே ஒரு வெள்ளைக் குஞ்சு வந்தால் போதும், பென்சில் பேனாவாகிவிடும். வராவிட்டால்தான் சிக்கல். வரிசையாக ஐந்து குஞ்சும் சாம்பலாக வந்தாலும், அந்தப் பறவை ஸ்பிளிட்டாக இருந்து அப்படி நேர 32-ல் 1 வாய்ப்பு இருக்கிறது. “ஆடிட்டர் கையெழுத்துப் போடற அளவுக்கு வரணும்னா பத்து குஞ்சாவது பார்க்கணும்” என்றார்.

சந்தையில் யாரும் பத்து குஞ்சு வரை காத்திருப்பதில்லை. ஸ்பிளிட்டையும் ஸ்பிளிட்டையும் சேர்த்தால் நாலில் ஒன்று வெள்ளை என்பதைக் கேட்டுவிட்டு, நாலு குஞ்சு பொரித்தால் ஒன்று வெள்ளையாக வந்தே ஆக வேண்டும் என்று வாங்குபவர் நம்புகிறார். கணக்குப்படி, நாலும் சாம்பலாகவே போக நூற்றுக்கு 32 தடவை இடமுண்டு. அப்படி வந்த சாம்பல் குஞ்சுகளில் மூன்றில் இரண்டு ஸ்பிளிட், ஒன்று சுத்தம். எது எதுவென்று கண்ணால் பிரிக்க முடியாது. எனவே மூன்றும் ‘பாசிபிள் ஸ்பிளிட்’ என்ற பட்டத்தோடு கைமாறுகின்றன. வாங்குபவர் அதைத் தன்னிடமிருக்கும் இன்னொரு ‘பாசிபிள்’ பறவையோடு சேர்க்கிறார். அங்கிருந்து குஞ்சு பக்கத்துத் தெருவுக்குப் போகிறது. மூன்று கை மாறுவதற்குள் நோட்டு ஏது, வளையம் ஏது?

நிறத்துக்காகப் பறவையை வளர்ப்பதே தவறு, வானம்தான் அதன் வீடு என்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தை இன்னொரு வாரம் பார்க்கலாம். எனக்கு மாடியிலிருந்து இறங்கும்போது ஒட்டிக்கொண்ட கவலை வேறு. எதையும் ஒளித்து வைக்காத, வெறும் சாம்பல் ஜீப்ரா ஃபிஞ்ச் இனி எங்கே கிடைக்கும்?

தங்கள் நாட்டுப் பறவைகளை வணிகத்துக்காக வெளியே அனுப்புவதை ஆஸ்திரேலியா 1960 வாக்கிலேயே நிறுத்திவிட்டது. அதற்கு முன் போனவற்றின் வாரிசுகள்தான் இன்று உலகம் முழுக்கக் கூண்டுகளில் இருப்பவை. நம் கைக்கு வந்து சேர்ந்தது அந்தக் குட்டையிலிருந்து மொண்ட ஒரு குவளை. அதிலும் ஆளாளுக்கு ஒரு நிறத்தைப் போட்டுக் கலக்கியாயிற்று. புது நிறம் ஒன்று வந்தவுடன் அதை நிலைநிறுத்த அண்ணன் தங்கையைச் சேர்க்கிறார்கள், தகப்பனையும் மகளையும் சேர்க்கிறார்கள். நாலைந்து தலைமுறையில் உடம்பு சிறுத்து, முட்டை பொரிவது குறைகிறது. அப்போது கெட்டிக்கார வளர்ப்பாளர் செய்ய வேண்டியது, நல்ல திடகாத்திரமான சாம்பல் பறவையைத் தேடிப் பிடித்து இடையில் விடுவது. அவர் ஒரு தலைமுறை நிறத்தை இழந்து உடம்பை மீட்கிறார். அடுத்த தலைமுறையில் நிறம் திரும்பும். மியூட்டேஷன் வளர்ப்பு என்ற கட்டடமே அந்தச் சாம்பல் பறவை மேல்தான் நிற்கிறது. ஆனால் சாம்பலை வளர்க்க ஆளில்லை. ஜோடி சில நூறு ரூபாய்க்குப் போகும் பறவைக்கும் அதே தினைதான், அதே கூண்டு இடம்தான். விலை போகும் நிறத்தை விட்டுவிட்டு அதற்கு எவர் கூண்டு ஒதுக்குவார்?

பெங்காலிஸ் இதற்கு ஒரு முன்கதை. பெயரில்தான் வங்காளம், ஏறக்குறைய 250 வருடங்களுக்கு முன் சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன வெண்முதுகுச் சில்லையின் வழிவந்தது அது. கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாக இருந்து, திட்டுத் திட்டாக வெளுத்து, பாட்டுக்கூட மாறிவிட்டது. காட்டுச் சில்லையின் பாட்டைவிடக் கூண்டுப் பறவையின் பாட்டில்தான் சுற்றி வளைப்பு அதிகம். நம் மலையடிவாரங்களில் அதன் சொந்தக்காரச் சில்லை இன்னும் பழைய உருவத்தில் பறந்துகொண்டிருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. ஜீப்ராவுக்கு நம் ஊரில் அந்த வசதி இல்லை.

சில்லை என்றதும் இன்னொன்று. பச்சை, மஞ்சள், ரோஸ் என்று சாயம் பூசிய காட்டுச் சில்லைகளைச் சந்தையில் ‘கலர் ஃபிஞ்ச்’ என்று தலையில் கட்டுகிறார்கள். நாட்டுப் பறவைகளைப் பிடித்து விற்பது சட்டப்படி குற்றம். வாங்கி வைப்பதும் வம்பு. அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைத்தால் பழுப்பு திரும்பிவிடும். அதற்குள் பெரும்பாலும் பறவையே போய்விடும்.

பெரியவரின் மாடியில், கடைசி வரிசையில் இரண்டு கூண்டு நிறையச் சாம்பல் பறவைகள் மட்டும் இருந்தன. ஆணின் கன்னத்தில் அடர் ஆரஞ்சு, நெஞ்சில் மெல்லிய வரிகள், விலாவில் செம்மண் மேல் வெள்ளைப் புள்ளி. அத்தனை நிறங்களையும் பார்த்துவிட்டு வந்து நின்றால் இதைவிட நேர்த்தியான வேலைப்பாடு அங்கே எதிலும் இல்லை. பதினோரு வருடக் கணக்கு நோட்டில் இருக்கிறது, எல்லாம் பேனாவில். ஒரு ஜோடி கிடைக்குமா என்று கேட்டேன். “இது விக்கறதுக்கு இல்ல சார்.”

திரும்பும் வழியில் கொளத்தூரில் ஒரு கடையில் ஏறினேன். எதற்கும் ஸ்பிளிட் இல்லாத சுத்தமான கிரே ஜோடி வேண்டும் என்றேன். கடைப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து ஒரு ஜோடியைக் கொண்டுவந்தான். நல்ல சாம்பல்தான். ஆணின் தாடைக்குக் கீழே மட்டும் இரண்டு வெள்ளை இறகு.

“இது பைட் ஸ்பிளிட் மாதிரி இருக்கேப்பா.”

“ஆமாண்ணா, அதான் இருநூறு எக்ஸ்ட்ரா.”